கோரைப்புல் மகாராசாவும் கணுக்காலளவு தண்ணீரும்

இன்று காலை என் வயலுக்குள் மாட்டை விட்டோம்.

(நெல் நிற்கிற வயலுக்குள்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டாம், சரியாகத்தான் வாசித்தீர்கள்.)

நடந்ததை முகநூல் பெருமக்களாகிய உங்கள் திருமுன் வைக்கிறேன்.

நான் மன்னார்த் தீவில் கீரி என்கிற ஊர்க்காரன். கிணறு கிண்டினால் உப்புத்தண்ணீர் வருகிற கடற்கரை மணலில் வளர்ந்தவன். நல்ல தண்ணீருக்குப் பிளாஸ்டிக் கானும் கையுமாக நான் வரிசையில் நின்ற காலத்துக்கு அரசாங்கம் எனக்குப் பென்சன் தந்திருக்க வேண்டும்!

அடம்பன் பக்கம் ஒரு ஏக்கர் வயல் இருக்கிறது. மனைவி திரேசாவின் சீதனம். இந்தச் சிறுபோகத்தில் அதில் விளைவதுதான் எங்களுக்கு வருசச் சோறு. அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் அதுதான்.

விதைத்து இரண்டு கிழமையில் மகாராசா எழுந்தருளினார்.

கோரைப்புல்!

அடித்த வெயிலுக்கு நெல் ஒரு விரல் வளர்ந்தால் கோரை ஒரு முழம் வளர்ந்தது. வரம்பில் நின்றால் அது வளர்கிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் அதன் உச்சியில் ஏறி நின்று இந்தியாவைப் பார்த்திருக்கலாம்.

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தார். என் மகள் வயதுப் பிள்ளை. களைநாசினியின் பெயரை எழுதித் தந்துவிட்டு ஒரே விசயத்தை மூன்று தரம் சொன்னார்.

"ஐயா, அடிக்க முதல் வயல் தண்ணிய முழுக்க வடிச்சுப்போடோணும். புல்லு அடியில இருந்து நுனி வரைக்கும் வெளியில நிக்கோணும். பிறகு மூண்டாம் நாள் திரும்பத் தண்ணி கட்டுங்கோ."

நான் மூன்று தரம் தலையாட்டினேன். (ஆட்டுவதில் எனக்கு நிகர் நானே.)

அடுத்த நாள் விடிய, தண்ணீர் வடிய வரம்பில் வக்கடை வெட்டினேன். கலகலவென்று ஓடியது. கையால் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். சேறு மணத்தாலும் உப்பு இல்லை!

பைப்புத் தண்ணீர் வந்த பிறகும் வீட்டில் நாலு பீப்பா நிரப்பி வைத்துவிட்டுத்தான் நித்திரைக்குப் போகிறவன் நான். அந்தத் தண்ணீர் சும்மா ஓடிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

வக்கடையை மூடிவிட்டேன். கணுக்காலளவு தண்ணீர் மிஞ்சி நின்றது. அதற்கு மேலேயே மருந்தை அடித்தேன்.

போதனாசிரியர் போன் எடுத்து வடித்தீர்களா என்று கேட்டார். வடித்தேன் என்றேன்.

ஐந்தாம் நாள் கோரையின் நுனியெல்லாம் கருகிப் போயிற்று. நினைவிருக்கும், இதே முகநூலில் "கோரை வம்சம் முடிந்தது" என்று மண்வெட்டியோடு நின்று படம் போட்டேன். (லைக் போட்டவர்கள் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம்.)

அதற்கடுத்த கிழமை போதனாசிரியர் வந்தார். ஒரு கோரையைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். மேலே கருகல், கீழே பச்சை. நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறினது போல ஒரு கோடு.

"ஐயா, இந்தக் கோடு வரைக்கும் தண்ணி நிண்டிருக்கு."

புல் சாட்சி சொல்லி மாட்டிக்கொண்டவன் மன்னார் மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

கோரைக்கு வயது போய்விட்டது, இனி மருந்துக்கு லேசில் அடங்காது என்றார். இன்னும் ஒரு தரம் அடித்துப் பார்க்கலாம், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் நிற்கக் கூடாது என்றார்.

குளத்திலிருந்து எங்களுக்குத் தண்ணீர் விடுகிற முறை வியாழக்கிழமை. திங்கள் வடித்து, செவ்வாய் அடித்து, வியாழன் தண்ணீர் கட்டுவதாகத் திட்டம். இந்த முறை மண்வெட்டியைத் திரேசா வாங்கிக்கொண்டாள். அவள்தான் வெட்டினாள். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

தண்ணீர் முழுக்கக் கீழ்வயலுக்குப் போனது. கீழ்வயல் அவளுடைய தம்பி யூட்டுடையது.

செவ்வாய் மருந்தும் அடித்தேன். வியாழன் வந்தது. தண்ணீர் வரவில்லை.

குளம் இறங்கிவிட்டதாம், முறை ஒரு கிழமை தள்ளிப் போகிறதாம். கமக்காரர் அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி.

என் வயல் வெடித்தது. ஒரு வெடிப்புக்குள் என் செருப்பு விழுந்து, அது இப்போது அமெரிக்காவில் யாருடைய காலிலோ இருக்கும்.

(இந்தப் பகிடியை எழுதும்போது எனக்கே சிரிப்பு வரவில்லை.)

அந்த முறை வருவதற்குள் நெல் மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகியது. கோரையும் மேலே செத்ததுதான். ஆனால் நிலத்துக்குள் கிடந்த கிழங்கிலிருந்து எட்டாம் நாளே புதுத் தளிர் விட்டது. தண்ணீர் இல்லாமல்!

கீழே யூட்டின் வயல் பச்சைப்பசேலென்று நின்றது. என் தண்ணீரில்.

நேற்று யூட் வரம்பில் குந்தியிருந்து ஒரு நெற்பயிரைப் பிடுங்கி விரலால் நெரித்துப் பார்த்தான். பிறகுதான் சொன்னான்.

"அத்தான், இனி இதில ஒண்டும் வராது. மாட்டுக்காவது ஆகட்டும்."

"உன்ர மாடோ?"

"உங்கட தண்ணியும் என்ர வயலுக்குத்தானே வந்தது. மாட்டுக்கு மட்டும் ஏன் வெக்கப்படுறியள்?"

இன்று காலை வேலித்தடியைத் திரேசாதான் இழுத்துவிட்டாள். இருபது மாடு உள்ளே போனது. மத்தியானத்துக்குள் ஒரு நெற்பயிர் மிச்சமில்லை.

கோரையை ஒரு மாடு மோந்து பார்த்தது. திரும்பி வந்துவிட்டது.

இப்போது ஒரு ஏக்கரிலும் அவர் மட்டும் நிற்கிறார். கலப்பே இல்லாத சுத்தக் கோரை. இப்படி ஒரு தனிப்பயிரை அடம்பனில் வேறு யாரும் விளைவித்ததில்லை! வருசச் சோற்றுக்கு இனிக் கடை அரிசி.

பின்னேரம் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பைத் தண்ணீரில் காலைக் கழுவினேன். கழுவின தண்ணீரைக் கீழே சிந்தாமல் பேசினில் ஏந்தி, கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். திரேசா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு வக்கடைய மூடினதும் உங்கட இந்தக் கைதானே," என்றாள். அவ்வளவுதான்.

பெருமக்களே, கோரையைச் சாகடிக்கிற மருந்து எனக்கு இனி வேண்டாம். நல்ல தண்ணீரை மனம் நோகாமல் ஊற்றிவிடுவதற்கு எந்தக் கடையிலாவது மருந்து விற்கிறார்களா?