புளியமரத்தடியில் கேட்ட சாட்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எழுதி, அது என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால், விட்ட குடியை மறுபடி தொட்டுவிடுவாரோ என்ற பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. மாதாவுக்கு நன்றி.

கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் காவி கட்டி நடக்கிறவர்கள் நாங்கள். சிதம்பரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மதியம் தங்குவோம். அங்கே யாராவது எழுந்து, மாதா தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்பும் சாட்சியாகச் சொல்வது வழக்கம். ஒரு வருஷம் முன்பின் தெரியாத ஒருவர் எழுந்தார். தான் குடித்துவிட்டுக் கரையில் கிடந்த அன்று தம்பி தனியாகக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அதிலிருந்து குடியைத் தொடுவதில்லை என்று சொல்லி அழுதார். முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து போனார். மாதா சுரூபம் வைத்த வண்டியில், எங்கள் அரிசி மூட்டைக்குள் ஒளித்திருந்த பாட்டிலை எடுத்து மரத்தடியிலேயே கவிழ்த்தார். அன்றோடு சரி.

மறுவருஷம் கம்பெனியில் அவருக்கு லீவு கிடைக்காமல் நான் மட்டும் நடந்தேன். அதே மரம், அதே ஆள், வேறு கூட்டம். இந்த முறை கடலில் போனது தம்பி இல்லை, மகன். முடித்ததும் துண்டை ஏந்திக்கொண்டு வந்தார். என் பக்கம் குனிந்தபோது சாராய வாடை. வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மரம் வந்தாலே, "எனக்குக் கால் நோவல, அடுத்த நெழலுக்குப் போயிடலாம்" என்று அவரை இழுத்துக்கொண்டு போய்விடுவேன்.

எங்கள் மகள் சிதம்பரத்தில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். வகுப்பில் பேசவேண்டிய ஒரு பழைய இங்கிலாந்துக் கதையை ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பல நூறு வருஷத்துக்கு முந்தியது. ஒரு புனிதரின் கல்லறைக்கு யாத்திரை போகிறவர்கள் வழியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். அந்த ஊரிலும் அப்படியா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதில் ஒருவன் பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவன். பேராசை கூடாது என்று தான் பிரசங்கம் பண்ணுவதே பையை நிரப்பத்தான் என்று அவனே சொல்லிவிடுகிறான். பிறகு சொல்கிற கதையில், மூன்று குடிகாரர்கள் சாவைக் கொல்லக் கிளம்புகிறார்கள். மரத்தடியில் தங்கத்தைக் கண்டு, அதற்காக ஒருவரையொருவர் கொன்று மூவருமே சாகிறார்கள். முடித்ததும் அவன் கேட்டவர்களிடமே கை நீட்டுகிறான்.

"கேட்டு யாராவது திருந்துனாங்களா?" என்றேன்.

"புக்குல அது இல்லம்மா. ஆளே டூப்பு, அவன் சொல்ற கத எப்படி வேல செய்யும்?"

"ஏன் செய்யாது?" கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "என்னா, அம்மாவும் எம்.ஏ. சேந்துட்டாளா?" என்று உள்ளே வந்தார். மகள் கதையைச் சொன்னாள். கேட்டுச் சிரித்தார். "நம்ம புளியமரத்து ஆளு மாதிரியே இருக்கானே!"

கரண்டியைக் கீழே வைத்தேன். "அந்த ஆளப் பத்தி உங்களுக்கு என்னா தெரியும்?"

"குடிச்சிருந்தான். முன்னாடிதான உக்காந்திருந்தேன், குப்புனு அடிச்சுது. என் மூக்குக்குத் தெரியாதா அது?"

"தெரிஞ்சுமா நிறுத்துனீங்க?"

"தெரிஞ்சதாலதான். வாய்ல வாடையோட மாதா முன்னால நின்னு அழுவுறான். என் பாட்டிலும் மாதா காலடியிலதான இருக்குது. அடுத்த வருஷம் அந்த எடத்துல நான்தான் நிப்பேன்னு பயந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் வருஷா வருஷம் என்ன இழுத்துக்கினு ஓடுனியா? கொப்புளம் ஒடைஞ்சு நான் பட்ட பாடு இருக்கே!"

மகள் வகுப்புக்கென்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு, "இத கிளாஸ்ல சொல்லட்டுமாப்பா?" என்றாள்.

"சொல்லு. அப்பான்னு சொல்லாத, யாரோ ஒரு மாமான்னு சொல்லு."

இந்த வருஷம் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தோம். அந்த ஆளைக் காணோம். அவருக்காகச் செபமாலை சொன்னோம். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது தம்பியை மகனாக்கிவிடாதீர்கள். அந்த வாடையையும் விட்டுவிடாதீர்கள்.