நாட்டுச் சமாச்சாரம் மட்டும்

பாண்டிச்சேரியின் விடுதலைக்கு என் குடும்பம் என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால், முன்னறை ஜன்னலைக் கொடுத்தது என்பேன். அது என் ஜன்னல். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் மொத்தமே ஒன்றரை அறை. அதில் ஒரே ஒரு ஜன்னல். அதன் கீழே உட்கார்ந்தால் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஒருநாள் வந்து பார்த்தால் அந்த இடத்தில் நான்கு ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மாமா, அம்மாவின் தம்பி. பிரெஞ்சுக்காரன் தன் பேரில் வாரண்டு போட்டுவிட்டான் என்றும், பாண்டிச்சேரி விடுதலையாகும்வரை போராட்டம் இனி இந்த அறையிலிருந்துதான் நடக்கும் என்றும் அறிவித்தார். அம்மாவையே யாரும் கேட்கவில்லை. என்னை எங்கே கேட்கப் போகிறார்கள்?

இந்தியாவை விட்டு இங்கிலீஷ்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாண்டிச்சேரி மட்டும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அம்மாவுக்குப் பிறந்த வீடு அங்கேதான். ரயிலேறினால் அரைநாளில் போய்விடலாம், ஆனாலும் அது வெளிநாடு. எல்லையில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அந்த வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் மாமாவும் அவருடைய ஆட்களும் தங்களை நாடுகடந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அம்மா வைத்த வஞ்சிரம் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டே, அந்நிய மண்ணில் படும் கஷ்டத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

துறைமுகத்தில் ஷிப்டு முடித்து வந்த அப்பா, படுக்க இடமில்லாமல் கதவருகே நின்று ஒரே ஒரு தடவை பேசினார். “ஒரு வெள்ளைக்காரன் போய்ட்டான்னு இப்பதான் நிம்மதியா கீறேன். இன்னொருத்தன என் வூட்டுக்கே இட்டாந்துட்டீங்களே!”

மாமாவைத் தவிர மற்ற மூவரில் முக்கியமானவர் ஒரு பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாண்டிச்சேரியில் சிப்பாயை சொல்தா என்பார்கள். நாங்களும் அவரை சொல்தா என்றே கூப்பிட்டோம். பிரெஞ்சுக்காரனை எதிர்த்துச் சண்டைபோட வந்தவர், கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுவார். இன்னொருவர் மளிகைக்கடை வைத்திருந்தவர், மற்றவர் மில் தொழிலாளி. அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக முசே, முசே என்று கூப்பிட்டுக்கொண்டு, எல்லா விஷயத்திலும் முரண்பட்டார்கள். வந்து இரண்டு வாரத்துக்குள் இயக்கம் ஜன்னல் பக்கம், சுவர்ப் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. எனக்கு இரண்டு பக்கமும் இடமில்லை.

நான்கு பேரும் சாப்பிட வேண்டுமே. வண்ணாரப்பேட்டையில் பீடி டெப்போ வைத்திருந்த ஒரு பாய் இரக்கப்பட்டு இலையும் தூளும் கொண்டுவந்து கொடுத்தார். இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஏழு வயதுப் பிள்ளை செய்கிற வேலை. மாமா கட்டிய பீடியைப் பாய் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா முசே, இது பீடியா கொழுக்கட்டையா? சொதந்திரம் வாங்கறது அப்பால ஆவட்டும், மொதல்ல இந்த நூல ஒயுங்கா கட்டு.”

பாயின் டெப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. பீடி சுற்றும்போது கை காலியில்லை, ஆனால் காது காலியாகத்தானே இருக்கிறது? அதனால் ஒருவர் சத்தமாகப் பேப்பர் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவரின் பங்கு பீடியையும் மற்றவர்கள் சுற்றிவிடுவார்கள். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் யார் படிப்பது? மாமா பிரெஞ்சை மணிமணியாக எழுதுவார். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பில் இருந்த நான்தான் அகப்பட்டேன். ஜன்னலும் போய், விளையாட்டும் போய், தினமும் சாயங்காலம் தூள் நெடியில் தும்மிக்கொண்டே உலகச் செய்திகளைக் கத்த வேண்டியதாயிற்று. எங்கேயாவது தடுமாறினால் சொல்தா, “மறுபடி, மறுபடி!” என்பார்.

பேப்பரோடு போயிருந்தால் பரவாயில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை பாண்டிச்சேரியிலிருந்து கடிதம் வரும். எழுதுவது என் அத்தை, மாமாவின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் மாமா அவரை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தார். அத்தையும் கிளம்பிவந்தால், குடும்பத்தோடு ஓடிவிட்டான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பேசுவார்களாம். அதனால் அத்தை அந்த வீட்டிலேயே விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் போராட்டம்தான் என்பார் மாமா.

அங்கே தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால் கடிதம் அம்மா பெயருக்கு வரும். குடும்பச் சமாச்சாரம்போல எழுதப்பட்டிருக்கும். அதற்கு மாமா ஒரு சங்கேதம் வகுத்திருந்தார். மாமியார் என்றால் பிரெஞ்சு சர்க்கார். காய்ச்சல் என்றால் போலீஸ் கெடுபிடி. பிள்ளை வீட்டார் என்றால் டெல்லி. கல்யாணம் என்றால் இந்தியாவோடு இணைவது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் அத்தையை உட்காரவைத்து இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தாராம். வேறு ஏதாவது சொல்லிவிட்டு வந்தாரா, தெரியாது.

கடிதத்தை எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும், படித்து முடித்ததும் பீடி காயவைக்கும் கரிச்சட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது இயக்கத்தின் விதி. முதல் கடிதத்தை நான் முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படித்தேன். கிணற்றடி முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்க ஆளில்லை என்று அத்தை எழுதியிருந்தார். மளிகைக்கடைக்காரர் முருங்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மாமாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“சொந்தக் கதையெல்லாம் எதுக்கும்மா? நாட்டுச் சமாச்சாரம் மட்டும் படி.”

எனக்கு அது எவ்வளவு சௌகரியம்! அதன்பின் கடிதத்தைப் பிரித்ததும் கண்ணாலேயே ஓட்டிப் பார்ப்பேன். மாமியார், காய்ச்சல், பிள்ளை வீட்டார், கல்யாணம். இந்த வார்த்தைகள் இருக்கிற வரிகளை மட்டும் கடகடவென்று படித்துவிட்டுக் கரிச்சட்டியில் போடுவேன். ஐந்து நிமிஷத்தில் விடுதலை. மீதி வரிகள் எனக்கு எரிச்சலைத்தான் கொடுத்தன. ‘உங்கள் தம்பியின் செருப்பை வாசலிலேயே வைத்திருக்கிறேன் என்று சொல்லவும்.’ போட்டுக்கொள்ள ஆளில்லாத செருப்பு வாசலில் எதற்கு? ‘உங்கள் தம்பியின் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை என்று சொல்லவும்.’ சீ, இவ்வளவு சோம்பேறியா அத்தை என்று நினைத்துக்கொண்டேன். இதைப் போய் நாலு பேருக்கு முன்னால் படிப்பதா? பதிலையும் நான்தான் எழுதினேன். மாமா சொல்லச் சொல்ல, மாமியார், காய்ச்சல், கல்யாணம் என்று ஒரு முழுப் பக்கம்.

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு அந்தக் கடிதம் வந்தது. வழக்கமாக இரண்டு பக்கம் இருக்கும். அதில் நாலைந்து வரிதான் இருந்தது, எழுத்தும் கோணல்மாணல். எனக்குச் சந்தோஷம். படித்தேன். ‘காய்ச்சல் பதினோரு நாளாக விடவில்லை. இது அந்தக் காய்ச்சல் இல்லை, காய்ச்சல்தான். கல்யாணம்வரை காத்திருக்க முடியுமா தெரியவில்லை.’ கடைசியில், ‘ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லவும்’ என்று இருந்தது. அதில் சங்கேத வார்த்தை எதுவும் இல்லை. விட்டுவிட்டேன்.

அறையில் பீடி சுற்றுவது நின்றுபோயிற்று. அந்தக் காய்ச்சல் இல்லை, காய்ச்சல்தான் என்றால் என்ன? மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சொல்தாதான் முதலில் எழுந்து நின்றார்.

“போலீசுன்னா அந்தக் காய்ச்சல். அது இல்லேங்குது. அதுக்கு மேல என்ன இருக்கு? பட்டாளம்! கப்பல்ல சொல்தா எறக்கிட்டான்!”

ஜன்னல் பக்கம் ஆமாம் என்றது. சுவர்ப் பக்கம், பட்டாளத்துக்குச் சங்கேதமே வைக்கவில்லை, எப்படி முடிவுகட்டலாம் என்றது. பதினோரு நாள் என்பது பதினோரு கப்பலா என்று மில் தொழிலாளி கேட்டார். டெல்லிக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான்கு பேரும் ஒத்துப்போனார்கள். மாமா உடனே காகிதம் எடுத்துத் தந்தியைப் பிரெஞ்சில் எழுத ஆரம்பித்தார். டெல்லிக்காரனுக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். அதன்மேல் அரைமணி நேரம் சண்டை. நான் எழுந்து போகவும் முடியாமல், கரிச்சட்டியில் சுருண்டு கறுத்துப்போன கடிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படிப்பட்ட கூட்டத்திடம் மாட்டிக்கொண்டோம் என்று இருந்தது.

அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாள். “அந்தப் பொண்ணு எய்துனத இன்னொரு தபா சொல்லு” என்றாள் என்னிடம். சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்தால் பிறந்த ஊர்ப் பேச்சு போய், வாழ்க்கைப்பட்ட ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“ஏண்டா, காய்ச்சல்னா காய்ச்சல்டா! பதினோரு நாளா ஒடம்பு கொதிச்சிக்கினு ஒருத்தி அங்க படுத்துக்கினு கீறா. நீ இன்னாடான்னா கப்பல எண்ணிக்கினு கீற! நீ வெச்ச பேருல, பாவம், காய்ச்சல் வந்தா அத காய்ச்சல்னு சொல்லக்கூட அவளுக்கு ஒரு வார்த்த இல்லாம பண்ணிட்டியேடா!”

மாமாவின் கையிலிருந்த பென்சில் அப்படியே நின்றது. வாரண்டு இருக்கிறது, எல்லை தாண்டினால் பிடித்துவிடுவார்கள் என்று சொல்தா ஏதோ ஆரம்பித்தார். அம்மா மீன் கத்தியோடு திரும்பிப் பார்த்ததும் அவரும் உட்கார்ந்துவிட்டார். இலை கொண்டுவந்த பாய்தான் வழி சொன்னார். “எல்லைக்கு இந்தாண்ட கோட்டகுப்பத்துல நம்ம மச்சான் கீறான். டெய்லி மீன் வண்டி உள்ள போவுது. கூடையோட கூடையா இட்டுக்கினு பூடுவான். நீ கெளம்பு முசே.”

அன்று சாயங்காலமே மாமா கிளம்பிப் போனார். தந்தி போகவில்லை.

மீன் வண்டியில் எல்லை தாண்டிய மாமாவைச் சொந்தத் தெருமுனையில் வைத்துப் பிடித்துவிட்டார்கள். வீடு கண்ணுக்குத் தெரிந்ததாம், வாசலில் இருந்த செருப்புகூடத் தெரிந்ததாம். அது யாருடையது என்று அவர் யோசித்ததாகப் பிறகு சிரித்துக்கொண்டே சொல்வார். அங்கிருந்து நேரே ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போகும்வரை, ஆறேழு மாதம், உள்ளேதான் இருந்தார். அத்தை அந்தக் காய்ச்சலில் பிழைத்துக்கொண்டார். மற்ற மூவரும் ஒவ்வொருவராக எங்கள் வீட்டை விட்டுப் போனார்கள், ஜன்னல் பக்கம் முதலில், சுவர்ப் பக்கம் பிறகு. தூள் நெடி போக அம்மா மூன்று தடவை சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது.

மாமா சொன்ன கல்யாணம் ஒருவழியாக நடந்து முடிந்த ஒரு மாதத்தில், மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை மெலிந்துபோயிருந்தார். காய்ச்சலில் கொட்டிய முடி அப்போதுதான் கட்டையாக வளர்ந்திருந்தது. பிரெஞ்சுக்காரனைத் தான் எப்படி விரட்டினேன் என்று மாமா அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் அத்தை வந்து உட்கார்ந்தார்.

“என் கடுதாசியெல்லாம் நீதானேம்மா படிச்சே?”

“ஆமாம் அத்தை.”

“எல்லாத்தையுமா? ஒரு வரி விடாமயா?”

பாதிக்குமேல் படிக்காமல் நெருப்பில் போட்டது தெரிந்துவிட்டது, இப்போது அம்மாவிடம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஒரு வரிகூட விடல அத்தை. தலகாணி உறையக்கூட படிச்சேன்.”

அத்தை தலையைத் திருப்பினார். எதிர்ப் பக்கம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார்.

“அதக் கேட்டுட்டு அவரு ஒண்ணும் சொல்லலியா?”

இன்னும் கேட்டால் மாட்டிக்கொள்வேன். சட்டென்று முடித்துவிடப் பார்த்தேன்.

“ஒண்ணுமே சொல்லல அத்தை. அவரு பாட்டுக்குப் பீடி சுத்திக்கினு இருந்தாரு.”

அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தார். “நல்லா படிக்கிற பொண்ணு” என்று சொல்லிவிட்டு எழுந்து, அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய அடுப்படிக்குப் போனார். அதன்பிறகு மாமாவும் அத்தையும் நெடுங்காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அத்தை மாமாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் அவள் சுபாவமே அப்படி ஆகிவிட்டது என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன்.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. துறைமுகப் பக்கம் கூட்ஸ் வண்டி வரும் சத்தம் கேட்டது. ஜன்னல் மறுபடி என்னுடையதாகியிருந்தது. திட்டு வாங்காமல் தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.