இரண்டு சிவப்புப் பூவும் ரயில் நின்ற ஊரும்

எங்கள் மகள் நேர்ஸ். போன வருடம் லண்டனில், எங்கள் வால்தம்ஸ்டோ வீட்டுக் குசினியில் வைத்து, அவுஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அனுப்ப எனக்கு மனமில்லை. அதை நேரே சொல்லாமல், அது எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டேன்.

போனைப் பார்த்து வாசித்தாள். முதலில் அங்கே பொன் கிடைத்ததாம், சனம் குவிந்ததாம். பொன் முடியச் சனமும் போய்விட்டதாம். பிறகு கோதுமை, கோதுமை ஏற்ற ரயில். இப்போது ரயிலும் நின்றுவிட்டதாம். ஸ்டேஷனை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்களாம்.

"எல்லாரும் விட்டிட்டுப் போன ஊருக்கு நீ ஏன் போறாய்?"

"நீங்கள் மட்டும் ஊரிலயே இருந்தனீங்களோ?" என்றாள் மனைவி, வெங்காயம் வெட்டியபடி.

நான் முருகனைக் கூப்பிட்டேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளையும் மற்றதில் சிவப்புமாகச் சாமிக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நிற்கவேண்டும். சாமியறையில் தனியே இருந்து, கலண்டர் தாள் இரண்டு கிழித்துப் பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் சிவப்பு. வெள்ளிக்கிழமை விரதம் ஒருநாளும் தவறவிடாதவன் செய்த வேலை இது.

மகள் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"சரி அப்பா. முருகன் சொன்னால் சரிதான். வரேல்லை எண்டு எழுதிறன்."

சண்டை பிடிப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்படி நம்புவாள் என்று நினைக்கவில்லை. மற்றப் பொட்டலத்தை நானே பிரித்து அவள் கையில் வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்கட முருகனிட்டை வெள்ளைப் பூ முடிஞ்சுதோ?"

"நான்தான் அப்பிடிக் கட்டினனான். நீ போ பிள்ளை."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டு பொட்டலத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு அங்கிருந்து போன் எடுத்தாள். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளுகிற மனுசி, ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு பொருள் கேட்டு வாங்கி வைப்பாவாம்.

"உங்கட பொட்டலத்தைக் குடுத்திட்டன் அப்பா."

வெளிநாட்டுப் பூ உள்ளே வரக்கூடாதென்று, பூவை அங்கே விமான நிலையத்திலேயே வாங்கி எறிந்துவிட்டார்களாம். தாள் மட்டும், பொன் அரித்த தட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

"கீழ என்ன எழுதியிருக்கினம்?"

"லண்டன் அப்பா ஒருத்தர் மகளை மறிக்கக் கட்டினது எண்டு."

"சரித்திரத்தில ஏறிட்டியள். இனி இறங்க ஏலாது," என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது அந்த ஊருக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். அதன் பேர் என் வாயில் நுழையாது. ரயில் நின்ற ஊர் என்றால் முருகனுக்கு விளங்கும்.