உயர்ந்த கோட்டினை நம்பினேன்

கம்பளைக்கு அருகே உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். சென்ற தவணை, விடையைப் பொத்தான் அழுத்திச் சொல்லும் சிறு கருவிகள் கிடைத்தன. ஒவ்வொரு விடைக்கும் விழும் வாக்குகள் திரையில் கோடுகளாக உடனுக்குடன் உயரும்.

செய்முறைக்கு முன், செறிந்த சல்பூரிக் அமிலத்தை நீர் கலந்து ஐதாக்க எதை எதில் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். இருபத்தெட்டுப் பேரும் “அமிலத்தை நீரில்” என்ற சரியான விடையையே அழுத்தினார்கள். அதை டயறியில் குறித்துவிட்டு, விளக்காமலே ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்றேன்.

பத்தாவது நிமிடத்தில் தர்ஷினி அமிலத்துக்குள் நீரை ஊற்றினாள். கொதித்துத் தெறித்த அமிலத்திலிருந்து பாதுகாப்புக் கண்ணாடிதான் அவள் கண்களைக் காத்தது.

“சரியாத்தானே அமுக்கின?” என்று கத்தினேன்.

“எந்தக் கோடு உசரமாப் போகுதோ அதத்தான் டீச்சர் அமுக்குனேன்,” என்று அழுதாள்.

“மொதல்ல கவிதா அமுக்குவா டீச்சர். அப்புறந்தான் நாங்க,” என்றாள் பின்னால் நின்றவள்.

“கோடுகள் ஓடட்டும், பிள்ளைகள் உற்சாகமாவார்கள்” என்று எங்களுக்குப் பயிற்சி தந்தவர்களில் ஒருவராவது அவற்றை மறைக்கச் சொன்னாரா? அதைவிடக் கோபம் என்மேல்தான். ஒருத்தியின் அறிவை இருபத்தெட்டுப் பேருடையதென்று என் கைப்பட எழுதியிருக்கிறேன்.

இப்போது எல்லோரும் அழுத்தி முடிக்கும்வரை திரையை அணைத்து வைக்கிறேன். பிறகு தன் விடைக்கான காரணத்தைப் பக்கத்திலிருப்பவளுக்குச் சொல்ல வைத்து, மறுபடி வாக்கெடுக்கிறேன். முதல் வாக்கில் பெரும்பாலும் பாதிப் பேர்தான் சரி. டயறியில் அந்தப் பாதியைத்தான் முதலில் எழுதுகிறேன்.