பதினாலு பக்கமும் ஒரு கம்பளித் தொப்பியும்

எங்கள் பெரியப்பு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் பேசும்போது ஒரு வசனம் சொல்லுவார்: "வெள்ளைக்காரன் எங்களிட்டை மிளகு தேடிக் கப்பலேறி வந்தான், நாங்கள் அவனிட்டை..." மிச்சம் எனக்கு ஞாபகமில்லை. கைதட்டலில் போய்விட்டது. நாங்கள் என்ன தேடிப் போனோம் என்று அவர் கட்டாயம் சொல்லியிருப்பார். நான் தேடிப் போனது வேலை. அது கிடைத்ததோ அதே வெள்ளைக்காரனின் கப்பலில்.

கப்பலைச் சுற்றிக் காட்டுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: கப்பல் ஓடவேண்டியதில்லை, வாய் ஓடினால் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோ ஏரிக்கரையில் ஒரு பாய்க்கப்பலைக் கட்டி வைத்திருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வியாபாரத்துக்குப் போன கப்பல்களைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. நான் அதில் மாலுமி வேடம் போட்ட வழிகாட்டி. மூன்று மாதம் பார்ப்பார்கள். முறைப்பாடு வராவிட்டால் நிரந்தர வேலையும் ஒரு ஜொப் லெற்றரும் தருவார்கள். அந்த லெற்றர் இருந்தால், கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்த என் மனைவி சுமதியைக் கூப்பிடும் ஸ்பொன்சர் பைல் கொஞ்சம் நகரும் என்று லோயர் சொல்லியிருந்தார். ஆகவே அந்தக் கோடை முழுவதும் நல்ல பிள்ளையாக இருப்பதென்று இருந்தேன்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். கனடாவில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம் கப்பலில் என்றால் மரியாதையாகக் கதிரை தருகிறார்கள். கப்பல் கயிற்றில் கட்டியிருந்ததை நான் சொல்லுவதில்லை.

ரயிலில் ஒரு மாலுமி

டோனட் கடைத் தொப்பியோ செக்கியூரிற்றிச் சட்டையோ போட்டு நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. என் உடுப்பு அவற்றுக்கெல்லாம் மூத்தது. தொளதொளத்த முக்கால் காற்சட்டை, சாக்கு மாதிரி ஒரு சட்டை, கழுத்தில் துணி, தலையில் கம்பளித் தொப்பி. ஜூலை வெயிலிலும் தொப்பி இல்லாமல் தளத்தில் நிற்கக்கூடாது என்பது விதி.

ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையைப் பூட்டிவிட்டு ஆள் போய்விட்டான். அதே கோலத்தில் சப்வேயில் ஏறினேன். ரொறன்ரோக்காரர் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரில் இருந்த எங்கட ஆள் ஒருவர் மட்டும் நாலு ஸ்ரேசன் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு எழும்பி வந்து பக்கத்தில் இருந்தார்.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம் அண்ணை."

தொப்பியிலிருந்து சப்பாத்து வரைக்கும் இன்னொரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உங்கை இன்னும் ஆள் எடுக்கினமோ?"

மிளகுப் பீப்பா

கப்பலின் அடித்தட்டில் ஒரு பீப்பா நிறைய மிளகு இருந்தது. நான் மூடியைத் திறந்து, இந்தச் சின்ன உருண்டைக்காகத்தான் இவர்கள் உலகத்தைச் சுற்றினார்கள் என்று சொல்ல, வந்தவர்கள் வரிசையாகக் குனிந்து மணப்பார்கள். எங்களுக்கு மனப்பாடம் செய்யத் தந்த ஸ்கிரிப்ற்றின் ஆறாம் பக்கம் அது. எல்லாமாகப் பதினாலு பக்கம். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

ரெக்ஸ்டேலிலிருந்து மருமகளோடு வந்திருந்த ஒரு அன்ரி குனிந்து மணக்கவில்லை. கையை முழங்கை மட்டும் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினா. உள்ளங்கையில் உருட்டி, ஊதி, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தா. பின்னால் நின்ற வெள்ளைக்காரர் எல்லாரும் தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல அவவையே பார்த்தார்கள்.

"தம்பி, வாங்கினவனைக் குறை சொல்லேலாது," என்றா. "நானூறு வருசம் வெயிலிலை காயப்போடாமல் வைச்சிருந்தால் எந்த மிளகும் இப்பிடித்தான்."

கப்டனின் அறை

கப்டன் அறையில் சிவப்புக் கம்பளம், பித்தளை விளக்கு, சுவரில் சட்டம் போட்ட அரசன் படம். வாசல் பதிவானது, தலை குனிந்துதான் போகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கட குடும்பமொன்று, பத்துப் பன்னிரண்டு பேர், வாசலுக்கு வந்தவுடன் செருப்பைக் கழற்றினார்கள். அந்த விளக்கையும் படத்தையும் கண்டபிறகு காலணியோடு உள்ளிட யாருக்கு மனம் வரும்? நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

அவர்களுக்குப் பின்னால் வந்த ஜெர்மன்காரர் இருவர் அதுதான் முறை என்று நினைத்துத் தங்கள் சப்பாத்தைக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கழற்றியது. கால் மணித்தியாலத்தில் வாசலில் கோயில் திருவிழா. ஒரு ஜெர்மன்காரரின் இடதுகால் சப்பாத்து வேறு யாரோடோ போய்விட்டது. அவர் ஒற்றைச் சப்பாத்தோடு அலுவலகத்துக்கு நொண்டிக்கொண்டு போனார்.

என் மேலாளர் மார்கரெட் வந்தா. ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிப்பை அடக்கும்போது மூக்கைச் சொறிவா. அன்றைக்குச் சொறியவில்லை. செருப்புக் குவியலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"இது பதினாலில் எந்தப் பக்கம்?" என்று கேட்டா. "இன்னொரு முறைப்பாடு வந்தால் அந்தக் கடிதத்தில் என்னால் கையெழுத்து வைக்க முடியாது."

அரிப்புக்காரன்

என்னோடு அறையில் இருந்த ஜெயசீலன் மன்னாரில் அரிப்பு என்ற ஊரைச் சேர்ந்தவன்; மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினான். கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னேன்: இந்த மாதிரிக் கப்பல் உங்கள் நாட்டுக்கும் வந்ததா? ஒன்பதாம் பக்கத்து விடை, "கிழக்கின் பல துறைமுகங்களுக்கும் சென்றன" என்பது. அதைச் சொல்லும்போதெல்லாம் வாயில் ஒரு கதை வந்து முட்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கப்பலொன்று புயலில் பாய்மரம் முறிந்து திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் ஒதுங்கியது. கண்டி அரசனின் ஆட்கள் கப்டனையும் மகனையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் இருபது வருசமளவில் மலைநாட்டில் கிடந்துவிட்டு, காடு வழியாக ஓடி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான்.

பள்ளிக்கூடத்தில் இதைத் தமிழில் படித்தபோது அரசன் அந்நியரைப் பிடித்தான் என்று இருந்தது. நூலகத்தில் ஆங்கிலத்தில் வாசித்தபோது அப்பாவிகள் பிடிபட்டார்கள் என்று இருந்தது. எந்தப் பக்கம் நிற்பதென்று அப்போது தெரியவில்லை. ரொறன்ரோவில் என் அகதி வழக்குக்குக் காத்திருந்த இரண்டு வருசத்தில் தெரிந்தது.

ஜெயசீலன் சோற்றைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஊர்ப் பெயர் வந்ததும் நிமிர்ந்தான். "எங்கட அரிப்புக்கு வந்தவன் எண்டால் நல்ல கதைதான்," என்றான். "ஆனால் உன்ரை லெற்றர் கைக்கு வரும் மட்டும் அவன் மலையிலையே கிடக்கட்டும்."

ஒன்பதாம் பக்கம்

மூன்று மாதத்தின் கடைசி நாள். மார்கரெட் ஒரு குறிப்புக் கொப்பியோடு கூட்டத்தின் பின்னால் வந்தா. எட்டுப் பக்கமும் ஒரு பிசகில்லை. தளத்துக்கு வந்தோம். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு முதிய பெண்மணி கையை உயர்த்தி, "இப்படியான கப்பல் உங்கள் நாட்டுக்கும் வந்ததா?" என்று கேட்டா.

ஒன்பதாம் பக்கத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வந்தது" என்று தொடங்கினேன். பிறகு அந்தப் பாய்மரம் முறிந்தது, நான் என்ன செய்ய? ஆட்களைப் பிடித்தது, ஊர்ஊராகக் குடியிருத்தியது, சாப்பாடு கொடுத்தும் போக விடாதது எல்லாம் வந்துவிட்டது.

"விடச்சொல்லிக் கேட்டபோது அவர்களுக்கு அரசன் என்ன பதில் சொன்னான்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை. பைல் அவனிடம் இருந்தது."

சிரித்தார்கள். அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. "மகன் எப்படிச் சீவித்தான்?"

"தொப்பி பின்னி விற்றான்," என்றேன். என் கை தானாகத் தலைக்குப் போனது. கொப்பியில் மார்கரெட் எழுதுவதை நிறுத்திவிட்டா. சுமதியின் கொழும்பு அறை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதிய பெண்மணி மார்கரெட் பக்கம் திரும்பினா. "இது உங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

கையெழுத்து

அலுவலக மேசையில் என் லெற்றர் கிடந்தது, கையெழுத்து இல்லாமல். மேலிடம் அனுமதித்தது பதினாலு பக்கம்தான் என்று மார்கரெட் சொன்னா. அதற்கு மேல் ஒரு வரி போனாலும் பதில் சொல்லவேண்டியது அவ. இனிமேல் மாலுமி பதினாலு பக்கத்தைத் தாண்டமாட்டான் என்று வாக்குத் தரமுடியுமா என்று கேட்டா. நான் பேனையைப் பார்த்தபடி வாக்குத் தந்தேன். கையெழுத்து வைத்தா. லெற்றரை நீட்டும்போது மூக்கைச் சொறிந்தா.

"ஆனால் ஒன்று," என்றா. "தொப்பி தலையில் இருக்கும் வரைக்கும்தான் நீங்கள் எங்கள் மாலுமி."

லெற்றரை அன்றைக்கே லோயரிடம் கொடுத்தேன். மறுநாள் காலை முதல் சுற்றில் பதினாலு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்து, வந்தவர்களைக் கரையில் இறக்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொட்டியாரத்தில் பாய்மரம் முறிந்து வந்த கப்பலின் கதையைத் தொடங்கினேன்.