உகாய் மரத்துக்கு ஒரு பலகை

தண்ணீர் தருகிறவர் விரும்பும் பொய்யைச் சொல்லித் தோட்டத்தைக் காப்பதா, உண்மையைச் சொல்லி அதைக் காயவிடுவதா? இந்தக் கேள்வியோடுதான் அன்று உகாய் மரத்தின் முன் நின்றேன்.

நொய்யல் ஆற்றை ஒட்டிய பொது நிலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து வளர்க்கும் மரத்தோட்டம் அது. இந்த மண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்லக்கூடிய அரிய மரங்களைத் தேடி நட்டிருக்கிறோம். பலகைகளை எழுதுவது என் பொறுப்பு. உகாய்க்கு இப்படி எழுதியிருந்தேன்: ‘சாயக்கழிவு இந்த மண்ணை உப்பாக்கியது. தென்னைகள் பட்டுப்போயின. உப்பைத் தாங்கும் இம்மரம் வேர்பிடித்தது.’

தோட்டத்துக்குத் தண்ணீர் லாரி அனுப்பிவந்தவர், சாயப்பட்டறையும் பனியன் கம்பெனியும் நடத்தும் ஒரு முதலாளி. மறுநாள், தன்னிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களை அங்கே அழைத்துவர இருந்தார். அதற்காகப் புதுப் பலகை ஒன்றைச் செய்து எடுத்துவந்தார்: ‘வறட்சியைத் தாங்கும் மரம்.’

“வறட்சின்னா வேம்பே போதுமுங்களேண்ணா. இதை எதுக்குத் தேடிக் கொண்டாந்தோம்?” என்றேன்.

“காலேஜ் படிச்ச வாய் சும்மா இருக்குமா! ஏனம்மணி, ஆர்டர் போச்சுன்னா மிசின்ல உக்காந்திருக்கற சனத்துக்கு நீ சோறாக்கிப் போடுவியா?”

அதை வெறும் மிரட்டலென்று என்னால் தள்ள முடியவில்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பழைய பலகையின் ஆணியைக் கழற்றத் தொடங்கிவிட்டேன்.

தோட்டத்தைப் பராமரிக்கும் அக்கா என் கையைப் பிடித்தார். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தவர். முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர்.

“பையர் ஆளுங்க கம்பெனியை ஆடிட் பண்ண வர்றதுக்கு முந்தின நாள் எங்களுக்கும் பாடம் எடுப்பாங்கம்மா. பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு, எட்டு மணி நேரந்தான்னு ஒப்பிச்சிருக்கேன். இப்போ மரத்துக்குமா பாடம் எடுக்கிய?”

முதலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றிய ஆணியை மறுபடி அடித்தேன். புதுப் பலகையை அவர் கையிலேயே கொடுத்தேன்.

“இது இங்க ஏறாதுங்கண்ணா.”

மறுநாள் வந்த பையர்களில் ஒரு பெண்மணி பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளியின் பட்டறையில் இன்று கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்கள் என்பதையும் சொன்னேன், அதுவும் உண்மை. முதலாளி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆர்டர் நிற்கவில்லை. தண்ணீர் லாரி நின்றது. இரண்டு இளங்கன்றுகள் கருகின. இப்போது வீட்டுக்கு இத்தனை மரமென்று பிரித்துக்கொண்டு, நாங்களே குடத்தில் சுமந்து ஊற்றுகிறோம். பலகையில் என்ன எழுதுவது என்று வெளியார் எவரிடமும் கேட்பதில்லை.