சகாயமேரி வாங்கிய படை மருந்து

சமயநல்லூர் சகாயமேரி பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். எவர் என்ன கேட்டாலும் முகத்துக்கு நேரே பதில் சொல்லிவிடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவளுக்குப் பெண்ணுறுப்பில் அரிப்பு வந்தபோது மட்டும் வாய் அடைத்துப்போனது.

மெடிக்கல் கடை மொக்கைச்சாமி, அவள் புருஷன் ஆரோக்கியநாதனின் சிநேகிதர். அவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது? "தொடை இடுக்குல படைண்ணே" என்றாள். அவரும் படைக்குப் போடும் டியூபைக் கொடுத்தார். பொய்க்குத் தகுந்த மருந்து. நாலு நாள் அடங்கிவிட்டு, முன்னைவிட அதிகமாக எரிந்தது. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்பட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், புண்ணானதுதான் மிச்சம். இன்னும் இரண்டு டியூப் வாங்கினாள்.

ஆரோக்கியநாதன் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். 'இந்த ஆளு எங்கயோ போய் வாங்கிட்டு வந்து எனக்கு ஒட்டிவிட்டுருச்சு' என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் தனியாகப் படுத்தாள். மூன்று மாதம் பேச்சில்லை. பதினெட்டு வருஷக் குடித்தனம் ஆட்டம் கண்டுவிட்டது.

ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல் வந்த பிறகுதான், ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் ஏறி, சிம்மக்கல்லில் டாக்டர் தமிழ்வாணியிடம் போனாள். அங்கேயும் படை என்றுதான் ஆரம்பித்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்தார்.

"படை இல்லங்க, பூஞ்சை. நம்ம உடம்புல எப்பவும் கொஞ்சம் இருக்கிறதுதான். அளவு மீறினா இப்படி அரிக்கும்."

"அப்ப என் வீட்டுக்காரர்கிட்ட இருந்து வரலையா?"

"பெரும்பாலும் இது யார்கிட்ட இருந்தும் வர்றதில்ல. ஆனா திரும்பத் திரும்ப வருதே, சுகர் பாத்தீங்களா?"

பார்த்தால் இருநூற்று எண்பது. இரண்டுக்கும் மருந்து எழுதினார். "இனி நீங்களா எதையும் வாங்கிப் போடாதீங்க. நாத்தம், காய்ச்சல், அடிவயித்து வலின்னா அன்னைக்கே வந்துருங்க" என்றார்.

சர்க்கரை வந்ததற்கு அழவேண்டியவள், பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்து வந்தாள். வீடு நெருங்க நெருங்கத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தேகப்பட்டதையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் குடிக்கிறதாலதான் நீ பேசலைன்னு நெனச்சேன் மேரி. அதான் குடியவே விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு."

வேறு பொம்பளை வாடை அடிக்கிறதா என்று அவன் வீடு வரும்போதெல்லாம் சட்டையை மோந்து பார்த்தவளுக்கு, பிராந்தி வாடை நின்றுபோனது தெரியவே இல்லை.